காலை உணவு யாருடைய பொறுப்பு? கொச்சி ஜூ டவுன் எழுப்பும் கேள்வியும் தமிழ்நாடு தந்த விடையும்

கொச்சி: மட்டாஞ்சேரியில் உள்ள ஜூ டவுன் தெருவில் காலை உணவு இரண்டு முறை பரிமாறப்படுகிறது. கடைகளின் மரக் கதவுகள் திறக்கப்படுவதற்கு முன்பே சுமை தூக்கும் தொழிலாளர்களும், நறுமணப் பொருள் கிடங்குகளுக்கு வேலைக்கு வரும் பெண்களும், படகுத்துறைக்கு விரைவோரும் அருகில் உள்ள தேநீர்க் கடைகளில் புட்டையும் கடலைக் குழம்பையும் உண்டு முடித்துவிடுகின்றனர். பரதேசி யூத ஜெப ஆலயம் பார்வையாளர்களுக்காகத் திறக்கப்படும் 10 மணி அளவில், அதே தெருவின் கஃபேக்களில் சுற்றுலாப் பயணிகளுக்கான காலை உணவு தொடங்குகிறது. முதல் உணவு அன்றைய உழைப்புக்கான முதலீடு. அதைத் தவறவிட்டவர் வெறும் வயிற்றோடு மூட்டை சுமக்க வேண்டும். இரண்டாவது உணவு விடுமுறையின் ஒரு பகுதி.

இந்த வேறுபாடு ஜூ டவுனுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவின் பொது உணவுக் கொள்கை கடந்த நூறு ஆண்டுகளாகப் பெரும்பாலும் மதிய உணவைச் சுற்றியே வளர்ந்தது. வேலையும் பள்ளியும் தொடங்கும் நேரத்துக்கு உரிய காலை உணவோ குடும்பத்தின் பொறுப்பாகவே விடப்பட்டது. அந்தப் பொறுப்பில் ஒரு பகுதியை அரசு ஏற்க முடியும் என்பதைத் தமிழ்நாடு 2022ஆம் ஆண்டு முதல் செயலில் காட்டி வருகிறது. பிரதமரின் போஷண் சக்தி நிர்மாண் என்ற மத்திய அரசின் பள்ளி உணவுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளிக்கப்பட்ட ஐந்தாண்டுக் காலம் 2025-26 நிதியாண்டு வரை என வகுக்கப்பட்டிருந்த நிலையில், அடுத்த கட்டத்தில் காலை உணவுக்கு இடம் உண்டா என்ற கேள்வி முன்னுக்கு வந்துள்ளது.

மிளகுத் தெருவிலிருந்து சுற்றுலாத் தெருவுக்கு

மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டி 1568இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயத்தைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பே ஜூ டவுன். மிளகு, இஞ்சி, ஏலக்காய், மஞ்சள் ஆகியவற்றின் வணிகம் இத்தெருவின் உயிர்நாடியாக இருந்தது. மிளகு முன்பேர வணிகமும் இங்கே நடைபெற்றது. யூதர்களுடன் கொங்கணிகள், குஜராத்திகள், கச்சி மேமன்கள், தமிழர்கள் எனப் பல மொழி பேசுவோர் சுற்றுப்புறத்தில் குடியேறினர். அருகில் உள்ள ஃபோர்ட் கொச்சியின் தோபிக்கானாவில் தமிழ் பேசும் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் இன்றும் தலைமுறைத் தொழிலைத் தொடர்கின்றன. மட்டாஞ்சேரியின் காலை உணவில் இட்லி, ஆப்பம், இடியாப்பம், புட்டு, குஜராத்திப் பலகாரம் என ஒரே சதுக்கத்தில் பல சமையல் மரபுகள் சந்திப்பது இந்தக் குடியேற்ற வரலாற்றின் விளைவாகும்.

இஸ்ரேல் உருவான 1948ஆம் ஆண்டுக்குப் பிந்தைய காலத்தில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அந்நாட்டுக்குக் குடிபெயர்ந்தனர். பரதேசி யூதச் சமூகத்தின் மூத்த உறுப்பினர்களுள் ஒருவரான சாரா கோஹன் 2019 ஆகஸ்டிலும், குவீனி ஹல்லேகுவா 2024 ஆகஸ்டிலும் காலமாயினர். இல்லங்களும் பண்டகசாலைகளும் படிப்படியாகப் பழம்பொருள் அங்காடிகளாகவும், பரிசுப் பொருள் கடைகளாகவும், கஃபேக்களாகவும் மாறின. 2012இல் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே கலைக் கண்காட்சியும், 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட மட்டாஞ்சேரி வாட்டர் மெட்ரோ முனையமும் இந்தப் பகுதிக்குப் பயணிகள் வருவதை மேலும் எளிதாக்கியுள்ளன.

சரக்குக் கையாளுதலோ வேறு இடத்துக்குச் சென்றுவிட்டது. வல்லார்பாடம் பன்னாட்டுச் சரக்குப் பெட்டக முனையம் 2011 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. சரக்குப் பெட்டகங்களின் வருகை, மனிதத் தோளை நம்பியிருந்த துறைமுகப் பணிகளை எங்கும் குறைத்துள்ளது. விடியற்காலையில் உண்டு வேலைக்குச் செல்வோரின் தெருவாக இருந்த ஜூ டவுன், தாமதமாக எழுந்து உண்போரின் தெருவாகவும் மாறியிருப்பதன் பொருளாதாரப் பின்னணி இதுவே.

விடியலில் வீசப்பட்ட சாப்பா

காலை நேரத்துக்கும் உணவுக்கும் உள்ள உறவை மட்டாஞ்சேரியின் வரலாறு மிகக் கடுமையான வடிவில் பதிவு செய்துள்ளது. கொச்சித் துறைமுகத்தில் ‘சாப்பா’ என்ற முறை நடைமுறையில் இருந்தது. அதிகாலையில் வேலை தேடித் திரளும் தொழிலாளர் கூட்டத்தை நோக்கி ஒப்பந்தக்காரரின் ஆட்கள் உலோக வில்லைகளை வீசுவர். முட்டி மோதி வில்லையைக் கைப்பற்றியவருக்கு அன்று வேலை உண்டு. மற்றவர் வெறுங்கையுடன் வீடு திரும்ப வேண்டும். அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியுமா என்பதை அந்தச் சில நிமிடங்கள் முடிவு செய்தன.

இம்முறையை ஒழித்து, வேலையைத் தொழிற்சங்கத்தின் வழியாக முறையாகப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்று கோரி நடந்த போராட்டத்தின்போது, 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. சைது, சைதலவி, ஆண்டனி ஆகிய மூவரும் அப்போராட்டத்தின் தியாகிகளாக இன்றும் நினைவுகூரப்படுகின்றனர். இந்த வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு ராஜீவ் ரவி இயக்கிய ‘துறமுகம்’ என்ற மலையாளத் திரைப்படம் 2023இல் வெளியானது.

சாப்பா முறை பின்னர் மறைந்தது. துறைமுகத் தொழிலாளர்களுக்கு வாரியமும், சுமை தூக்கும் தொழிலாளர்களுக்கு 1978ஆம் ஆண்டின் கேரளச் சட்டமும் வந்தன. கூலியும் வேலை நேரமும் சட்டத்தின் வரம்புக்குள் வந்தபோதிலும், வேலைக்கு முன் உண்ணும் உணவு எந்தச் சட்டத்திலும் இடம்பெறவில்லை. அது தேநீர்க் கடையின் கணக்கு நோட்டில் எழுதப்படும் கடனாகவோ, வீட்டுப் பெண்ணின் விடியற்கால உழைப்பாகவோ தொடர்ந்தது.

பழைய சோறு மறைந்த பின்

தமிழகத்திலும் கேரளத்திலும் உழைக்கும் குடும்பங்களின் காலை உணவு நெடுங்காலம் முந்தைய இரவின் சோறுதான். தமிழர் பழைய சோறு, நீராகாரம் என்றனர். மலையாளிகள் பழங்கஞ்சி என்றனர். வெங்காயம், மிளகாய், ஊறுகாய் இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். இந்த உணவின் சிறப்பு அதன் சத்தில் மட்டும் இல்லை. இதற்காக அதிகாலையில் எவரும் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. ஜூ டவுனின் யூத இல்லங்களிலும் வாரத்தில் ஒரு நாள் இதே நிலை இருந்தது. ஓய்வுநாள் விதிப்படி வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை நெருப்பு மூட்டக் கூடாது என்பதால், சனிக்கிழமைக்கான உணவு முதல் நாளே சமைத்து வைக்கப்பட வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் இட்லி, தோசை, உப்புமா, காபி ஆகியவை நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் வழியாக அன்றாட உணவாகப் பரவின. உணவுத் தட்டுப்பாட்டுக் காலங்களில் பொது விநியோகம் வழியாக வந்த கோதுமை, அரிசி உண்ணும் வீடுகளுக்கும் ரவையையும் மாவையும் கொண்டு சேர்த்தது. பழைய சோறு வறுமையின் அடையாளமாகக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டது. சூடான சிற்றுண்டியே மதிப்புக்குரிய காலை உணவு என்ற எண்ணம் நிலைபெற்றது.

இந்த மாற்றத்தின் செலவைப் பெண்களே ஏற்றனர். மாவு அரைப்பது, தேங்காய் துருவுவது, குழந்தையை எழுப்புவது, கணவருக்கும் பிள்ளைக்கும் தனித்தனிப் பாத்திரத்தில் கட்டித் தருவது என விடியல் நேரம் முழுவதும் சமையலறைக்கு உரியதாயிற்று. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அவற்றுக்குச் செலவிடுகின்றனர். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். தாயும் கூலி வேலைக்குச் செல்லும் வீட்டில், காலை 7 மணிக்கு முன் அவர் புறப்பட வேண்டியிருந்தால், முதலில் கைவிடப்படுவது காலை உணவே. பிள்ளை ஒரு பிஸ்கட்டுடனோ ஒரு குவளைத் தேநீருடனோ பள்ளிக்குச் செல்கிறது. மதிய உணவு மணி அடிக்கும் வரை வகுப்பறையில் வெறும் வயிற்றோடு காத்திருக்கிறது.

வெளியில் வாங்கி உண்பது இதற்கு ஒரு மாற்று. நெருக்கமான குடியிருப்புகளைக் கொண்ட மேற்குக் கொச்சியில் ஆப்பமும் புட்டும் விற்கும் சிறு கடைகள் பல குடும்பங்களுக்கு இரண்டாவது சமையலறையாக விளங்குகின்றன. ஆயினும் நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒவ்வொரு நாளும் காலை உணவை விலைக்கு வாங்குவது கூலியின் கணிசமான பகுதியை விழுங்கிவிடும். வேலை இல்லாத நாளில் அந்த வழியும் அடைபடும்.

ஆயிரம் விளக்கிலிருந்து ஆதிமூலம் வரை

பள்ளியில் உணவு வழங்கும் சிந்தனை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கு உணவு வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. ஒரு மாணவருக்கான செலவு நாளொன்றுக்கு ஓர் அணாவைத் தாண்டக்கூடாது என்பது நிபந்தனை. நிதிச் சிக்கலால் அம்முயற்சி சில ஆண்டுகளில் தடைபட்டது. முதலமைச்சர் காமராஜர் 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டமாக அதை விரிவுபடுத்தினார். உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, சமைத்த மதிய உணவை நாடு முழுவதும் உள்ள அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் உரிமையாக்கியது.

காலை உணவுக்கான அறிவிப்பை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2022 மே 7 அன்று சட்டப்பேரவையில் வெளியிட்டார். அண்ணா பிறந்த நாளான அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று, மதுரை நெல்பேட்டையில் உள்ள ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளைச் சேர்ந்த 1,14,095 மாணவர்கள் பயனடைந்தனர். ஒதுக்கப்பட்ட தொகை ரூ.33.56 கோடி. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ரூ.12.71 எனக் கணக்கிடப்பட்டது.

அடுத்த மூன்று ஆண்டுகளில் திட்டம் விரைவாக விரிவடைந்தது. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் நடந்த தொடக்க விழாவுடன் 31,008 அரசுப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. 2024 ஜூலை 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் ஊரகப் பகுதிகளின் 3,995 அரசு உதவி பெறும் பள்ளிகள் சேர்க்கப்பட்டன. 2025 ஆகஸ்ட் 26 அன்று சென்னை மயிலாப்பூரில் நகர்ப்புறங்களின் 2,429 அரசு உதவி பெறும் பள்ளிகளும் இணைந்தன. பயன்பெறும் மாணவர் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டியது.

ஒரு குழந்தைக்கு 50 கிராம் அரிசி, ரவை, கோதுமை ரவை அல்லது சேமியா, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, உள்ளூரில் கிடைக்கும் காய்கறி என அளவு வகுக்கப்பட்டது. சமைத்த நிலையில் இது 150 முதல் 200 கிராம் உணவும் 100 மில்லி காய்கறிச் சாம்பாருமாக அமைகிறது. உப்புமா, கிச்சடி, பொங்கல் எனக் கிழமைக்கு ஏற்ப உணவு மாறுகிறது. ஊரகப் பகுதிகளில் மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள் பள்ளியிலேயே சமைக்கின்றனர். அதே பள்ளியில் தம் பிள்ளை படிக்கும் தாய்மார்களுக்கு இப்பணியில் முன்னுரிமை அளிக்கப்பட்டது. பெருநகரங்களில் பொதுச் சமையல் கூடங்களிலிருந்து வாகனங்கள் மூலம் உணவு கொண்டு செல்லப்படுகிறது.

விளைவுகள் குறித்து மாநிலத் திட்டக் குழு மேற்கொண்ட ஆய்வில், முதல் கட்டப் பள்ளிகள் 1,543இல் 1,319 பள்ளிகளில் மாணவர் வருகை உயர்ந்தது தெரியவந்தது. வருகை உயர்வதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால், முழுப் பெருமையையும் உணவுக்கே அளிக்க இயலாது. ஆயினும் தொடக்கப் பள்ளி வாயிலில் காலை 8 மணிக்கே பிள்ளைகள் வந்து சேர்வதற்குத் தட்டில் காத்திருக்கும் பொங்கல் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

கேரளத்தில் மதியம் உண்டு, காலை?

கல்வியிலும் நலவாழ்விலும் முன்னணியில் உள்ள கேரளத்தின் நிலை இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கது. அங்கு 1984இல் கடலோரப் பகுதிப் பள்ளிகளில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் வலுவாக வேரூன்றியுள்ளது. பாலும் முட்டையும் வழங்கப்படுகின்றன. காலை உணவோ பெரும்பாலும் உள்ளாட்சி அமைப்புகள், ஆசிரியர்-பெற்றோர் சங்கங்கள், உள்ளூர் நன்கொடையாளர் ஆகியோரின் முயற்சியில், சில பள்ளிகளில் மட்டும் நடைபெற்று வந்துள்ளது. பணமும் ஆர்வமும் உள்ள ஊராட்சியின் பிள்ளைக்குக் கிடைப்பது, அடுத்த ஊராட்சியின் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

கேரளத்தில் தேவை இல்லை என்று கூறுவதற்கும் இடமில்லை. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இரத்தசோகை உள்ளவர்களின் விகிதம் தமிழ்நாட்டில் 57.4 விழுக்காடு, கேரளத்தில் 39.4 விழுக்காடு. வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் தமிழ்நாட்டில் 25 விழுக்காடு, கேரளத்தில் 23.4 விழுக்காடு. இரண்டு மாநிலங்களும் நாட்டின் சராசரியைவிட மேம்பட்ட நிலையில் உள்ளன. ஆனால் ஐந்தில் இரண்டு குழந்தைகளுக்கு இரத்தசோகை என்பது நிறைவடையத்தக்க நிலை ஆகாது. பள்ளி வாயிலுக்கு வரும் முன்பே குறைபாட்டுடன் வரும் குழந்தைக்கு, நாளின் முதல் உணவு எப்படி அமைகிறது என்பது முக்கியமாகிறது.

பொது உணவுக்கு நிதி போதாதபோது சுமை யார் தலையில் விழுகிறது என்பதற்கும் கேரளத்தின் அனுபவம் சான்று தருகிறது. குடும்பஸ்ரீ மகளிர் நடத்தும் ஜனகீய உணவகங்கள் 2020 முதல் 20 ரூபாய்க்கு மதிய உணவு வழங்கின. ஒரு சாப்பாட்டுக்கு 10 ரூபாய் அரசு மானியம் என்பது ஏற்பாடு. மானியம் நிலுவையில் நின்றதால் உணவகம் நடத்திய பெண்கள் கடனாளிகளாயினர். 2023 ஆகஸ்டில் மானியம் நிறுத்தப்பட்டு விலை 30 ரூபாயாக உயர்ந்தது. அதே ஆண்டில், மதிய உணவுக்கான தொகை உரிய நேரத்தில் வராமல் தலைமை ஆசிரியர்கள் தம் கைப்பணத்தைச் செலவிட நேர்ந்த விவகாரம் கேரள உயர் நீதிமன்றம் வரை சென்றது. கொச்சி மாநகராட்சி 2021 அக்டோபரில் எர்ணாகுளம் வடக்கில் தொடங்கிய ‘சம்ருத்தி’ உணவகம் 10 ரூபாய்க்கு மதிய உணவு அளித்துப் பெரும் வரவேற்பைப் பெற்றது. நகரில் மலிவு உணவுக்கான தேவை எவ்வளவு பெரிது என்பதை அங்கு நீண்ட வரிசைகள் உணர்த்தின.

உழைப்போருக்கான மலிவான காலை உணவில் தமிழ்நாடு 2013 பிப்ரவரியிலேயே ஒரு முன்மாதிரியை உருவாக்கியது. முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிய அம்மா உணவகங்களில் ஓர் இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய். 2017இல் பெங்களூருவின் இந்திரா உணவகங்களும், 2018இல் ஆந்திரத்தின் அண்ணா உணவகங்களும் அதைப் பின்பற்றின. ஆந்திரத்தில் 2019இல் ஆட்சி மாறியதும் உணவகங்கள் மூடப்பட்டன. மீண்டும் ஆட்சி மாறிய 2024இல் அவை திறக்கப்பட்டன. தலைவர்களின் பெயரைத் தாங்கிய உணவகம், அத்தலைவரின் தேர்தல் வெற்றி தோல்வியோடு பிணைக்கப்படுவதன் ஆபத்தை இது காட்டுகிறது. ஏழையின் காலைப் பசி ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்சி மாறுவதில்லை.

ஒரே வரிசையில் அமர்தல்

பொது இடத்தில் உண்பது என்பது வயிற்றுப் பசியோடு முடிந்துவிடும் செய்தி அன்று. ஜூ டவுனிலிருந்து காயலைக் கடந்து சென்றால் வைப்பின் தீவின் வடபகுதியில் செறாயி உள்ளது. அங்கு 1917 மே மாதம் சகோதரன் அய்யப்பன் நடத்திய சமபந்தி உணவு கேரள சமூக வரலாற்றின் திருப்புமுனைகளுள் ஒன்று. ஈழவ இளைஞர்கள் புலையர் சமூகத்தினருடன் அமர்ந்து உண்டதற்காகச் சமூக விலக்கத்துக்கு உள்ளாயினர். அய்யப்பனுக்கு இழிவுப் பெயர் சூட்டப்பட்டது. அதையே அவர் பெருமையாக ஏற்றார்.

நூறாண்டு கடந்தும் அந்தப் போராட்டம் முடியவில்லை. 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரத்தை அடுத்த உசிலம்பட்டி தொடக்கப் பள்ளியில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்ததாகச் செய்தி வெளியானது. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி உள்ளிட்டோர் பள்ளிக்குச் சென்று பிள்ளைகளுடன் அமர்ந்து உண்டனர். காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிய எட்டயபுரத்தின் அருகிலேயே இது நிகழ்ந்தது. பள்ளி உணவு, சாதியைக் கரைப்பதற்கான வாய்ப்பு. அதுவே சாதி வெளிப்படும் இடமாகவும் இருக்கிறது. சமைப்பவரைத் தேர்வு செய்வதில் அரசு பின்வாங்காமல் நிற்பது உணவின் அளவைப் போலவே இன்றியமையாதது.

காலை உணவை அரசியல் உரிமையாக மாற்றிய அனுபவம் அமெரிக்காவிலும் உண்டு. அங்கு 1966இல் சோதனை அளவில் பள்ளிக் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 1969 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் கருஞ்சிறுத்தைக் கட்சியினர் ஒரு தேவாலயத்தில் கறுப்பினக் குழந்தைகளுக்கு இலவசக் காலை உணவு வழங்கினர். பல நகரங்களுக்குப் பரவிய அம்முயற்சியை அந்நாட்டின் புலனாய்வு அமைப்பு அச்சுறுத்தலாகக் கருதியது. 1975இல் அமெரிக்க அரசே பள்ளிக் காலை உணவை நிரந்தரத் திட்டமாக்கியது. பசியோடு பள்ளிக்கு வரும் குழந்தையைச் சமூகம் கண்டுகொண்ட பின், அரசு அதைக் காணாதிருக்க முடியாது என்பது இதன் பாடம்.

அடுத்த கட்டத்தின் கேள்விகள்

மத்திய அரசின் தேசியக் கல்விக் கொள்கை 2020, சத்தான காலை உணவுக்குப் பிந்தைய நேரம் கடினமான பாடங்களைக் கற்பதற்கு உகந்தது என்று குறிப்பிட்டு, மதிய உணவுடன் எளிய காலை உணவையும் வழங்கப் பரிந்துரைத்தது. ஆனால் 2021 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற போஷண் திட்டத்தில் காலை உணவு சேர்க்கப்படவில்லை. கல்விக் கொள்கையின் பல கூறுகளில் மத்திய அரசுடன் முரண்பட்ட தமிழ்நாடு, இந்த ஒரு கூறில் மட்டும் மாநில நிதியைக் கொண்டு முன்னே சென்றது என்பது கவனிக்கத்தக்கது.

எதிர்ப்போரின் வாதம் நிதியைப் பற்றியது. 2025 மே முதல் போஷண் திட்டத்தில் தொடக்கப் பள்ளி மாணவர் ஒருவருக்கான சமையல் பொருள் செலவு நாளொன்றுக்கு ரூ.6.78, உணவு தானியம் தனியாக வழங்கப்படுகிறது. மதிய உணவுக்கே போதாத தொகையில் காலை உணவு எப்படிச் சாத்தியம் என்பது நியாயமான கேள்வி. மாநிலங்களின் தோளில் மட்டும் ஏற்றினால், வசதி படைத்த மாநிலத்தின் குழந்தைக்கே காலை உணவு உறுதியாகும். மத்திய, மாநில நிதிப் பகிர்வு இன்றி இது நாடு தழுவிய உரிமையாக மாறாது.

இரண்டாவது கேள்வி, வயது வரம்பு. தமிழ்நாட்டின் திட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரைக்கு உரியது. மத்திய மதிய உணவுத் திட்டம் 8ஆம் வகுப்பு வரை செல்கிறது. ஐந்தாம் வகுப்பில் பள்ளியில் உண்டு பழகிய குழந்தை, ஆறாம் வகுப்பில் அதே குடும்பச் சூழலில் இருந்து வெறும் வயிற்றோடு வர நேரிடுகிறது. வளரிளம் பருவப் பெண் குழந்தைகளிடம் இரத்தசோகை மிகும் காலமும் இதுவே.

மூன்றாவது, உணவின் தரம். ரவையும் அரிசியும் வயிற்றை நிரப்பும். இரும்புச்சத்தையும் புரதத்தையும் போதிய அளவில் தரா. பருப்பின் அளவை உயர்த்துவது, கீரையையும் பயறு வகைகளையும் சேர்ப்பது, சிறுதானிய நாட்களைத் தவறாமல் கடைப்பிடிப்பது ஆகியவை செலவைச் சற்றே கூட்டினும் பயனைப் பெருக்கும்.

நான்காவது, சமைக்கும் பெண்களின் நிலை. பிள்ளைகள் 8 மணிக்கு உண்ண வேண்டுமெனில், அவர்கள் விடியும் முன்பே பள்ளிச் சமையலறைக்கு வந்தாக வேண்டும். லட்சக்கணக்கான தாய்மார்களின் காலை நேரத்தை விடுவிக்கும் திட்டம், சில ஆயிரம் பெண்களின் விடியலைக் குறைந்த மதிப்பூதியத்துக்கு வாங்கும் ஏற்பாடாகச் சுருங்கிவிடக் கூடாது. உரிய ஊதியம், காலந்தவறா வழங்கல், பணிப் பாதுகாப்பு ஆகியவை திட்டச் செலவின் பகுதியாகவே கணக்கிடப்பட வேண்டும். ஜனகீய உணவகப் பெண்களின் கடன் சுமை இதற்கான எச்சரிக்கை.

மட்டாஞ்சேரியின் தொழிலாளர்கள் 1953இல் கேட்டது வேலைக்கான உறுதியை. யாரோ வீசும் வில்லையைத் துரத்திப் பிடிக்க வேண்டிய நிலை வேண்டாம் என்றனர். இன்று பள்ளிக் குழந்தையின் காலை உணவு இந்தியாவின் பெரும்பகுதியில் அத்தகைய நிச்சயமின்மையிலேயே உள்ளது. நல்ல ஊராட்சி, கொடையுள்ளம் கொண்ட தலைமை ஆசிரியர், வேலைக்குப் போகாத தாய், பணம் உள்ள மாநிலம் இவற்றில் ஏதேனும் ஒன்று வாய்த்தால் உணவு உண்டு, வாய்க்காவிட்டால் இல்லை. போஷண் திட்டத்தின் அடுத்த கட்டத்தை வகுப்போர் இந்த நிச்சயமின்மையை நீக்குவார்களா என்பதே, வரும் நிதியாண்டுகளில் கொச்சி முதல் மதுரை வரை ஒவ்வொரு பள்ளி வாயிலிலும் எதிர்பார்க்கப்படும் விடை.